உறவினர்: இல்லை

எழுதி நிரப்பிய படிவம் கண்ணில் பட்டால் அதைப் படிக்காமல் என்னால் இருக்க முடியாது. வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை. பெயர், வயது, வசிப்பிடம் என்று நாள் முழுக்க மனுக்களைப் பார்த்துப் பார்த்துக் கண் அப்படிப் பழகிவிட்டது. அதனால்தான் அன்று துவைப்பதற்காக மகளின் துணிப்பையை உதறியபோது விழுந்த காகிதத்தை எடுத்து முழுக்கப் படித்தேன்.

கட்டம் போட்டு, அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. பிரிவு: துறவி. நிலை: ஒன்று. உடைமை: ஒரு போர்வை, ஒரு கோல். கவசம்: கூடாது. ஆயுதம்: தேவையில்லை. உறவினர்: இல்லை. அடியில், பௌர்ணமி, பகல் இரண்டு மணி, கிளம்புகிறோம்.

அன்றுதான் பௌர்ணமி. மணி இரண்டரை.

கவசம், ஆயுதம் என்று இருப்பதைப் பார்த்தாவது உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று பிறகு பலர் கேட்டார்கள். அவர்கள் யாரும் திருவண்ணாமலையில் குடியிருப்பவர்கள் இல்லை. இங்கே உப்பு தின்னாத சாமியார், பேசாத சாமியார், வெள்ளைக்காரர்களிடம் மட்டும் பேசும் சாமியார் என்று எல்லா வகையும் உண்டு. ஆயுதம் தேவையில்லை என்று எழுதி வாங்கும் மடம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்றால் நம்பாமல் என்ன செய்வது? என்னைக் கொன்றது அந்த வரி அல்ல. இருபது வருஷம் சோறு போட்டு வளர்த்த பெண், உறவினர் என்ற கட்டத்துக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

டிவி மேல் அவளுடைய வாட்ச் கிடந்தது. கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

எண்பத்தொன்பதில் என் அண்ணன் போனான். என்னைவிட இரண்டு வயது பெரியவன், டிப்ளமா முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவன். ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்றக் கிளம்பினான். வாட்ச்சைக் கழற்றி ஜன்னலில் வைத்தான். வழியில் வியர்க்கும் என்று வைத்துவிட்டுப் போகிறான் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த அவன் சிநேகிதன் ஒருவன், மொட்டைத் தலையும் காவியுமாக அவனைப் பார்த்ததாகச் சொன்னான். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவனுக்கு ஞானம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது, அப்பாவுக்குப் பேச்சு குறைந்தது. இன்றைக்கும் செங்கம் ரோட்டில் பஸ் போகும்போது காவி கட்டிய ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, கிடைத்தால் அறைய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே அன்று செருப்பு மாற்றி மாட்டியதுகூடத் தெரியாமல் ஓடினேன். மகள் சொல்லிவிட்டுப் போனது சிநேகிதி வீட்டுக்கு, அது ஆசிரமத்துப் பக்கம். மாடியை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள். மலை சுற்றும் கூட்டத்துக்காக ஆட்டோவை வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். மீதித் தூரத்தைக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். பக்கத்தில் நடந்தவர்கள் என் அழுகையைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு வழி விட்டார்கள்.

மாடிப்படி ஏறும்போதே குரல் கேட்டது.

“உள்ள போயிட்டா திரும்பி வர முடியாதுடி.” இது என் மகள்.

“வந்தா வரா, வராட்டி போறா. அவளுக்கு யாரு இருக்கா அழறதுக்கு?” இது சிநேகிதி.

கதவைத் தள்ளினேன். தரையில் நான்கு பெண்கள். நடுவில் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு, அதில் இருபது முகம் உள்ள ஒரு பகடை. பக்கத்தில் முறுக்கு.

“அம்மா! இங்க என்ன பண்றீங்க?”

காகிதத்தை நீட்டினேன். சிநேகிதி அதை வாங்கிப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

“மொட்ட அடிச்சாச்சான்னு பாக்க வந்தீங்களா ஆன்ட்டி? இது கேமு ஆன்ட்டி, கேமு!”

மாடியில் ஆறு மாதம் தங்கிய வெள்ளைக்காரன் ஒருவன் ஒரு தடிப் புத்தகத்தையும் பகடைகளையும் விட்டுப் போயிருக்கிறான். ஒவ்வொருவரும் ஒரு ஆள் வேஷம் கட்டிக்கொண்டு கற்பனைக் குகைக்குள் போக வேண்டும், பூதங்களோடு சண்டை போட வேண்டும், அடி விழுந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். போர்வீரன், மந்திரவாதி, திருடன், துறவி என்று பல பிரிவு உண்டு. சிநேகிதி கல்லூரியில் தமிழ் படிக்கிறாள், எல்லாவற்றையும் தமிழில் மாற்றி எழுதியது அவள் வேலை. என் மகள் துறவியை எடுத்திருந்தாள், இங்கிலீஷ் புத்தகத்தில் அதற்குப் பெயர் மாங்க்.

தண்ணீர் குடித்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தைக் கலைத்த அந்தப் பிரிவு விளையாட்டிலாவது என்னத்தைச் சாதிக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

சாதித்தது இதுதான். துறவி கவசம் போடக் கூடாது, மனத்தெளிவே கவசமாம். முதல் எலும்புக்கூடு வாளை வீசியதும் மனத்தெளிவு கிழிந்து உயிரில் பாதி போனது. வாள் எடுக்காமல் கையாலேயே அடிக்க வேண்டும். ஒரே மூச்சில் இரண்டு குத்து குத்தலாம் என்பது பெரிய சலுகை, ஆனால் அப்படிக் குத்தினால் இரண்டுமே தவறுவதற்கு வாய்ப்பு ஜாஸ்தி. தவறின. இரும்புச் சட்டை போட்ட போர்வீரன் ஒரே வெட்டில் முடித்துவிட்டு முறுக்கைக் கடித்தான். திருடி பூட்டைத் திறந்தாள். மந்திரவாதி வெளிச்சம் காட்டினான். துறவி வேகமாக ஓடினாள். எங்கே ஓட, குகை பத்தடி.

“இந்தப் பிரிவால என்னடி பிரயோஜனம்?” என்றேன்.

“பத்தாவது நிலைக்குப் போனா பாருங்கம்மா, செம பவர் வரும்.”

“அது வரைக்கும்?”

“மத்தவங்க காப்பாத்துவாங்க.”

“அதான பாத்தேன். குகைக்குள்ளயும் அடுத்தவங்க காப்பாத்தணும்.”

சிநேகிதி கைதட்டினாள். மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எல்லாரையும் புடிச்சு ஜெயில்ல போட்டுட்டாங்கன்னு வைங்க. வாளப் புடுங்கிட்டா வீரன் காலி. புத்தகத்தப் புடுங்கிட்டா மந்திரவாதி காலி. மாங்க்கிட்ட என்னம்மா புடுங்க முடியும்? ஒண்ணுமே இல்லன்னாலும் அவ அவதான்.”

“வருஷத்துல எத்தன தடவடி ஜெயிலுக்குப் போவீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியம் தைத்தது. ஒன்றுமே இல்லாமல் போக வேண்டும் என்றுதான் அண்ணனும் வாட்ச்சைக் கழற்றியிருப்பான். அவனிடம் இனிப் பிடுங்க ஒன்றும் இல்லை, சரி. எங்களிடம் அவன் பிடுங்கிக்கொண்டு போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

“பேனாவ எடு,” என்றேன். “படிவம் தப்பா இருக்கு. உறவினர்ல அம்மான்னு எழுது.”

“ரூல்ஸ்படி மாங்க்குக்குக் குடும்பம் கிடையாதும்மா.”

“அப்ப அந்த மாங்க்கு வேணாம்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மாமாவைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி போய்க்கொண்டிருந்தது. அவள் பகடையை எடுத்து, தன் துறவியைத் தனியாகக் குகையின் அடுத்த கதவுக்கு உள்ளே அனுப்பினாள். உள்ளே மூன்று எலும்புக்கூடுகள் இருந்தன. இரண்டு குத்தும் தவறின. ஐந்து நிமிடத்தில் துறவி செத்தாள். எனக்கு வருத்தமே இல்லை.

புதுக் காகிதம் எடுத்துக் கட்டம் போட்டாள். பிரிவு: திருடி. அரசு ஊழியரான நான் என் மகள் திருடியானதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். உடைமை என்ற கட்டத்தில் கத்தி, கயிறு, கள்ளச்சாவி, விளக்கு என்று இடம் போதாமல் எழுதினாள். உறவினர் என்ற இடத்தில் நான் கேட்காமலே ‘அம்மா’ என்று எழுதிவிட்டு, காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“வாட்ச்ச ஏன்டி கழட்டி வெச்ச?” என்றேன்.

“பேட்டரி தீந்துபோச்சும்மா. மாத்தித் தரேன்னு நீங்கதான சொன்னீங்க.”

திரும்பும்போது கூட்டத்துக்கு எதிராக நடக்க வேண்டியிருந்தது. அவள் மணிக்கட்டை நான் விடவில்லை. “வலிக்குதும்மா,” என்றாள். கொஞ்சம் தளர்த்திப் பிடித்துக்கொண்டேன்.