கரும்புச்சாறு கடைக்கு அனுமதி

மாணவர் கடை நடத்த அனுமதி கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது கல்லூரி விதி. அதை நம்பியவன் நான் ஒருவன்தான். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக் கடலூரில் தனியாக இருந்த நான், 2008-இல் தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் பி.பி.ஏ. மாணவர்களுக்குத் தொழில்முனைவு கற்பித்தேன். வளாகத்துக்குள் ஒருநாள் கரும்புச்சாறு கடை போடுவது செய்முறைப் பாடம். விண்ணப்பம் நானே எழுதினேன். கடை நாளுக்கென்று வெள்ளைச் சட்டை ஒன்றைத் தேய்த்தும் வைத்தேன். ஏழு வேலை நாட்கள் கடந்தும் பதில் வரவில்லை. "விதிப்படி வரும், பொறுங்கள்" என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மார்ச்சில் ஒரு மாலை, பஸ்ஸுக்கு நடந்தபோது, கல்லூரி வாசலுக்கு வெளியே சாலையோரத்தில் என் வகுப்பே நின்றது. நெல்லிக்குப்பத்து மாணவன் ஒருவன் தன் ஊரிலிருந்து கரும்பு கொண்டுவந்து பிழிந்துகொண்டிருந்தான். நல்ல கூட்டம்.

"சார்ட்ட சொல்லலியா மச்சான்?" என்றான் ஒருவன்.

"அவரு வந்தா கரும்புக்கும் மனு போடச் சொல்லுவாருடா!"

எல்லோரும் சிரித்தார்கள். தொழில்முனைவை நன்றாகவே கற்றிருந்தார்கள். நான் சாலையைக் கடந்து, அவர்கள் கண்ணில் படாமல் பஸ் ஏறினேன்.

தேர்வு முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகு, காலியான துறை அறையில் அனுமதிக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டு வாங்கினேன். தேதி, ஏப்ரல் 30.