ரப்பர் ஒட்டிய பின்பக்கம்

போன வாரம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மெட்ரோ தூண்களின் நிழலில், என் மகனுடைய பழைய ஸ்கூட்டர் பஞ்சரானது. இந்த வயதில் உங்களுக்கு ஸ்கூட்டர் எதற்கு என்று அவன் கேட்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது. தள்ளிக்கொண்டே போய் ஒரு கடையைப் பிடித்தேன். கடைக்காரர் டியூபை உருவி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கடைக்காரர் மீது அல்ல.

"தள்ளி நில்லு பெருசு, மூஞ்சில அடிக்கும்."

"ஒட்டிட்டா அப்புறம் பிரிக்க வராதாப்பா?"

"இன்னாத்துக்குப் பிரிக்கிறது? ஒட்னது ஒட்னதுதான்."

எனக்குத் தெரியும். இதே சொல்யூஷனால் ஒட்டிய ஒரு ரப்பரைப் பிய்த்தெடுக்க நான் பட்ட பாட்டை அவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் இரண்டு ஆட்டோக்கள் காத்திருந்தன. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா ராயபுரத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்பே தண்டையார்பேட்டையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தரைவிரிப்பு பின்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பனியன் துணியின் வெட்டுக் கழிவை நாடா நாடாவாகக் கிழித்து, சதுரக் கண்கள் கொண்ட மொறமொறப்பான வலைத்துணியில் ஏற்றுவார்கள். அதற்கென்று ஓர் ஊசி உண்டு. ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் ஊசிக்காது. நாடாவைத் துணிக்கு அடியில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கண்ணுக்குள் கொக்கியை விட்டு, நாடாவை ஒரு வளையமாக மேலே இழுக்க வேண்டும். வளையங்கள் ஊசித்தண்டில் வரிசையாகச் சேரும். பிறகு ஊசியை அப்படியே முன்பக்கம் உருவினால், காதில் கோத்த நூல் எல்லா வளையங்களுக்குள்ளும் புகுந்து அவற்றைப் பூட்டிவிடும். அப்புறம் யார் இழுத்தாலும் வராது. கம்பெனியில் அந்தப் பூட்டுநூல் பருத்தி. ஸ்டெல்லா வீட்டில் பின்னும்போது காசிமேட்டில் வலை கட்ட விற்கும் நைலான் நூலைத்தான் கோப்பாள்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதால் எனக்கும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முறை முயன்றேன். கட்டைவிரலில் கொக்கி ஏறியது. "நீங்க போய் பேப்பர் படிங்க" என்றாள். நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. அப்போது எண்ணூர் சாலையில் ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலைக்குப் பொறுப்பாளன். எந்தப் பொருளையும் அரைகுறையாக வைத்திருந்தால் எனக்குக் கை பரபரக்கும். மூடி இல்லாத டப்பா, விளிம்பு மடிக்காத துணி, நடுவில் நிறுத்திய வாக்கியம், எதையும் விடமாட்டேன். அதை ஒழுங்கு என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டார் வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

ஸ்டெல்லாவுக்கு ஒரே அக்கா, பிலோமினா. கணவரை இழந்தவர், ராயபுரத்தில் கடலோர வரிசை வீடு ஒன்றில் மகளோடு இருந்தார், காசிமேட்டில் மீன் எடுத்து விற்பார். அவர் தெருமுனையில் விலை சொன்னால் ரயில் நிலையத்தில் கேட்கும். என் மாமியார் இறந்த மறுநாள் விடியற்காலையில் ஸ்டெல்லா அம்மாவின் பெட்டியிலிருந்து மூன்று பட்டுப்புடவைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. துக்கத்தில் மனிதர்கள் எதையாவது இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில் அக்கா அவளைத் திருடி என்றார். அதோடு பேச்சு நின்றது. ஒரே தேவாலயத்துக்குப் போய் வேறு வேறு வாசல் வழியாக வெளியே வந்தார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் நான் நின்று பல்லைக் கடித்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்கில்லை.

புடவைகளையாவது கட்டினாளா என்றால் அதுவும் இல்லை. எண்ணூர் சாலையில் எங்கள் வீட்டுப் பக்கம் காற்று என்னவென்று உங்களுக்குத் தெரியும். கொடியில் காயும் வேட்டியில் சாயங்காலத்துக்குள் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும். தகரப்பெட்டி அடியோடு துருப்பிடிக்கும். பல வருஷம் கழித்து ஒரு நாள் பெட்டியைத் திறந்தபோது மூன்று பட்டும் மடிப்புக்கு மடிப்பு விட்டுப்போயிருந்தன. எடுத்துப் பிரித்தால் கையோடு வந்தது. ஸ்டெல்லா அன்று சமைக்கவில்லை.

மறுவாரம் கத்தரிக்கோலை எடுத்தாள். இற்ற மடிப்புகளைத் தள்ளிவிட்டு, நல்ல பாகங்களை நாடாவாக வெட்டினாள். அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள். மூன்றையும் ஒரே வலைத்துணியில் கலந்து ஏற்ற ஆரம்பித்தாள். "இனிமே உனக்கு எனக்குன்னு பிரிக்க முடியாது பாருங்க" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். அக்காவுக்குக் கொடுக்கப் போகிறாள் என்று புரிந்தது. பட்டு வழுக்கும், பனியன் துணி போல வளையம் நிற்காது. மணிக்கட்டு வீங்கி, ஊசி பிடிக்க முடியாமல் போனபோது பின்னல் முடிந்திருந்தது, விளிம்பு மட்டும் பாக்கி. அன்று தேவாலயத் திருநாளுக்கு முதல் நாள். மறுநாள் அக்கா வீட்டுக்குப் போவதாக முடிவு.

"ஓரத்த உள்ள மடிச்சு தெச்சிட்டீங்கன்னா போதும்" என்று கேட்டுவிட்டு ஜெபத்துக்குப் போனாள்.

போதும் என்றாள். அந்தச் சொல் என் காதில் ஏறவில்லை. விளிம்பை மடித்தேன். வலைத்துணியின் மூலைகளை நாற்பத்தைந்து பாகையில் வெட்டி, தடித்துப்போகாமல் சேர்த்து, சாக்குத் தைக்கும் ஊசியால் சுற்றித் தைத்தேன். அழகாகவே வந்தது. அப்போது திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் நாடாக்களின் முனைகள், நைலான் நூலின் வால்கள், ஜரிகையின் பிசிறு. எனக்குப் பொறுக்கவில்லை. கம்பெனியில் தரைவிரிப்புகளின் முதுகில் ரப்பர் பால் பூசுவதைப் பார்த்திருக்கிறேன், முடித்த பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பண்டகசாலையில் கழித்துப்போட்ட ரப்பர் ஷீட் ஒன்று வீட்டில் இருந்தது, பஸ்ஸில் காலடியில் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. அளவாக வெட்டி, பஞ்சர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தாராளமாகத் தடவி, ஒட்டி, மேலே அம்மிக்கல்லை வைத்தேன்.

ஸ்டெல்லா வாசலிலேயே நின்றாள். "இன்னா வாசன?"

காட்டினேன். பாராட்டுக்காகக் காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெடுநேரம் பார்த்தாள். "சரி. காயட்டும்" என்றாள்.

அக்கா எங்களைப் பார்த்ததும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "வா." அதற்கே ஸ்டெல்லாவின் கண் நிறைந்துவிட்டது. விரிப்பை மடியில் பரப்பி அக்கா வளையங்களைத் தடவினார். "இது அம்மா பூசைக்கு கட்டுமே, அந்த அரக்கு. இது எனக்கு தாலி கட்னப்போ அம்மா கட்ன பச்ச." முகம் இளகிக்கொண்டே வந்தது. பிறகு திருப்பினார்.

"இது இன்னாது?"

அக்கா ரப்பரை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"வழுக்காம இருக்க ரப்பரு. அப்ப இது மிதியடி. பெத்தவ பொடவைய கால்ல மிதின்னு எனக்குக் கொண்டாந்து குடுக்கிற. நீ தூக்கினு போனப்போகூட எனக்கு இப்டி எரியல ஸ்டெல்லா. யாரு ஒட்னது இத?"

அந்த வீட்டின் மின்விசிறியில் மூன்று இறக்கைகள். ஒன்றின் நுனி வளைந்திருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்" என்றாள் ஸ்டெல்லா.

விரிப்பு எங்களோடு திரும்பி வந்தது. பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. யாராச்சும் சொல்லணும்ல." அவள் என்னை நீ என்று கூப்பிட்டால் மிகவும் கோபமாக இருக்கிறாள் என்று பொருள்.

மறுநாளே நான் ராயபுரம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு பஸ், கால் மணி நேர நடை. நான் என்ன செய்தேன் தெரியுமா, முதலில் ரப்பரை எடுத்துவிட்டு, விரிப்பைச் சரிசெய்துகொண்டு போகலாம் என்று முடிவு செய்தேன். வெறுங்கையோடு போய் நின்று மன்னிப்புக் கேட்பதைத் தள்ளிப்போட அதைவிட மரியாதையான வழி எனக்குக் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் தடவினேன், ரப்பர் ஊதிக்கொண்டு நின்றது. பெட்ரோல் போட்டேன், அரக்குச் சாயம் பச்சையில் இறங்கியது. கத்தியால் சுரண்டினால் கரி உருண்டைகளாக வந்து நகக்கண்ணில் புகுந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வாசலில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே சுரண்டினேன். ரப்பரைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், பிலோமினா அக்காவையும் திட்டினேன். வளையங்களும் சேர்ந்து பிய்ந்துவிடும் என்று பயந்தேன். ஒன்றுகூட வரவில்லை.

"வல நூலு அது" என்று போகிறபோக்கில் ஸ்டெல்லா சொன்னாள். "சுறாவே கிழிக்காது, நீங்க எங்க."

சோம்பலும் கூச்சமுமாக இரண்டு மழைக்காலம் போயிற்று. பின்பக்கம் ஒருவழியாக வெளுத்து, அங்கங்கே கரும்புள்ளியோடு வெளியே வந்த சமயத்தில், அக்காவின் மகள் ஜெனிட்டா தேவாலய வாசலில் என்னைப் பிடித்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணைக் கொண்டுபோய்விட்டது என்றாள். மீன் விற்கப் போவதில்லை, சத்தம் மட்டும் குறையவில்லை என்றாள்.

அன்று மாலையே தனியாகப் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, அன்னைக்கு அந்த ரப்பர ஒட்டினது நான்."

"தெரியும்."

"ஸ்டெல்லா சொன்னாளா?"

"அவ எங்க சொன்னா. பொய் சொன்னா மூக்க சொறிவா, சின்னதுலேர்ந்து. நான் இன்னா, அன்னிக்கு குருடா?" கட்டில் சட்டத்தைத் தட்டினார். "எனக்கு ரப்பரு மேல கோவம் இல்ல நைனா. உன்ன காப்பாத்த எங்கிட்டயே பொய் சொன்னா பாரு, அதுலதான். நீ அப்பவே வாய தொறந்திருந்தா நாலு கெட்ட வார்த்த திட்டிட்டு சோறு போட்டிருப்பேன். இப்ப வந்து நிக்கிற, நான் அவ மூஞ்சிய எங்க பாக்குறது?"

கையோடு கொண்டுபோயிருந்த விரிப்பை அவர் மடியில் வைத்தேன். அக்கா மேல்பக்கத்தைத் தடவினார், எல்லாம் ஒரே வளையம், ஒன்றும் பிடிபடவில்லை. திருப்பினார். பின்பக்கத்தில் நாடாக்கள் படுத்துக் கிடக்கும், அது அந்த வேலையின் இயல்பு. விரல் மெதுவாகப் போய் ஓரிடத்தில் நின்றது. ஜரிகை.

"இது அரக்கு பொடவ கரை. தோ, இங்க நேரா போவுது." இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். "இது பச்ச. முந்தானில முடிச்சு இருக்கும், அத கூட வெட்டாம வெச்சிருக்கா பாரேன்."

பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நான் மூடிவைத்த பக்கம் அது. ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. "மெத்துனு ஒரு துணி வச்சுப் பின்னாடி தைச்சுத் தரட்டுமா அக்கா?"

"கைய வெச்ச, கொன்னுடுவேன். போய் அவள இட்டுனு வா."

இட்டுக்கொண்டு போனேன். என்னை அக்காவிடம் தனியாகப் போகச் சொன்னது யார் என்று ஸ்டெல்லா வழியெல்லாம் சண்டை. உள்ளே நுழைந்ததும் இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். குழம்பில் புளி அதிகம் என்று ஸ்டெல்லா சொன்னாள். உன் புருஷன் மாதிரி எல்லாத்தையும் குறை சொல்ல ஆரம்பிச்சிட்டியா என்றார் அக்கா. அதற்கப்புறம் அவர்கள் பேசாமலிருந்த வாரம் கிடையாது. ஆனால் தங்கையின் முகத்தை அக்கா கையால்தான் பார்த்தார், கடைசிவரை. அந்த இரண்டு மழைக்காலம் என் கணக்கில்தான் நிற்கிறது.

அக்கா போய்விட்டார். ஸ்டெல்லாவும் போய்விட்டாள். ராயபுரத்து வீட்டுக்குப் பதிலாக ஜெனிட்டாவுக்கு நகரத்தின் மறுகோடியில் அடுக்கு மாடியில் ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். விரிப்பை மாட்டலாம் என்றால் அந்தச் சுவரில் ஆணி இறங்கமாட்டேன் என்கிறதாம், சுருட்டி வைத்திருக்கிறாள். ராயபுரத்து வரிசையைப் பாதி கடல் எடுத்தது, மீதியைத் துறைமுகச் சாலை எடுத்தது. பஞ்சர் ஒட்டியதும் வீட்டுக்குத் திரும்பாமல் அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நின்றன. எந்த லாரிக்குக் கீழே அக்காவின் கட்டில் இருந்தது என்று கண்டுபிடிக்க, கடற்கரைச் சுவரிலிருந்து தப்படி போட்டுப் பார்த்தேன். ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா தேடற பெருசு?" என்றார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது, அந்த இடத்தில் வேறொரு லாரி வந்து நின்றது.