குடலைச் சுற்றிய வெள்ளை வலை

பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்குப் பிறசர், அதுதான் இரத்த அழுத்தம், இருக்கும் என்று பயந்துதான் அன்று அவவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் கிளினிக்குக்குப் போனேன். அம்மாவுக்கு இடுப்பும் தொடையும் பருமன். எனக்கு ஈர்க்குக் கைகால், வயிறு மட்டும் முன்னுக்கு. சைக்கிள் கடையில் குந்தியிருந்து ஒட்டுப் போடுகிற வேலை. சண்டையால் சாமான் வரத் தடை இருந்த அந்த நாளில் என் வயிற்றைப் பார்த்தவர்கள், இவனுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று சந்தோசப்பட்டார்கள். அரைநாண் கயிற்றை மூன்று தரம் தளர்த்திக் கட்டியதில் எனக்கும் பெருமைதான்.

டொக்டர் உங்கள் அம்மாவின் கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்தா.

"பிறசர் இல்லை. ஐயா, நீங்களும் கையை நீட்டுங்கோ."

"எனக்கேன் டொக்டர்? நான் மெலிஞ்ச ஆள்."

இரண்டு தரம் பார்த்தா. "உங்களுக்குத்தான் பிறசர் கூடிப்போய்க் கிடக்கு."

பிறசர் இல்லையென்று சிரித்துக்கொண்டிருந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"பிறசருக்கு விழுங்கிற குளிசை இந்த மாதத்துக்குத்தான் இருக்கு. பிறகு எப்ப வருமோ தெரியாது. உந்த வயிறு இறங்கவேணும்."

"கொழுப்பு அவவுக்கெல்லோ?"

"அவவுக்குத் தோலுக்குக் கீழை. அது கனக்கக் கரைச்சல் தராது, பெரிய கெடுதி இல்லை. உங்களுக்கு உள்ளுக்கை, குடலைச் சுத்தி. ஆடு உரிச்சிருக்கிறியளோ?"

எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து பங்கு ஆடு அடித்தால் வெட்டுகிறவன் நான்தான்.

"குடலிலை வெள்ளை வலை மாதிரிக் கிடக்குமே, அது சும்மா கிடக்கிறேல்லை ஐயா. இரத்தத்துக்குள்ளை என்னென்னவோ விடும். நாளங்கள் இறுகும். இறுகின குழாயிலை தண்ணி தள்ள பம்புக்கு எவ்வளவு பாரம்? இதயத்துக்கும் அதுதான்."

எத்தனை ஆட்டில் அந்த வலையை உரித்து வெயிலுக்குப் பிடித்திருக்கிறேன்! மயிரிழை போலச் சிவப்பு நரம்புகள் ஓடும். செத்த நெய் என்று நினைத்து எறிந்தேன். அது உயிரோடு வேலை செய்கிற ஒன்றாம். எனக்குள்ளும் இருக்கிறதாம்.

அன்றிலிருந்து சோற்றைப் பாதியாக்கினேன். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணீர் குடிப்பதை விட்டேன். விடிய எழும்பி மிளகாய்க் கன்றுகளுக்குக் கிணற்றில் துலா மிதித்து இறைத்தேன். குளிசை முடிவதற்குள் அரைநாண் இடுப்பால் வழுகியது. அம்மா ஒரு முடிச்சு உள்ளுக்குப் போட்டா.

திரும்பவும் கிளினிக். பட்டி இறுகியது. நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பிறசர் பெட்டியின் கண்ணாடிக் குழாயில் பாதரசம் இறங்குவதைப் பார்த்தோம்.

"குறைஞ்சிருக்கு," என்றா டொக்டர்.

நானே காணாத ஒன்று எனக்குள் ஒரு முடிச்சளவு சுருங்கியதை அந்தப் பாதரசம் கண்டுவிட்டதே!

"இனி வீட்டிலை கொழுத்த உடம்புக்காரி நான் மட்டும்தான்," என்று அம்மா சைக்கிளில் ஏறினா.