அணையும் முன் வால்வை மூடு

தொண்ணூறுகளின் நடுவில், பந்தல்குடி ரோட்டில் ஒரு நூல் சாயப்பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்தேன். சாயத்தொட்டிக்குப் போகும் நீராவி வால்வைத் திறந்து மூடுவது அதன் வேலை. தொட்டியருகே நின்று நூலைப் புரட்டுவது என் அண்ணன்.

கரண்டு போனால்தான் வினை. விறகு பாய்லரில் நீராவி குறையாது. வால்வோ திறந்தபடி நின்றுவிடும். தொட்டி பொங்கும். அண்ணன் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு ஆவிக்குள் புகுந்து, சக்கரத்தைக் கையால் திருகி மூடுவார். ஒருநாள் முழங்கை வரை கொப்புளம்.

"இனி உள்ள போகாதண்ணே."

"அப்ப யாருலே மூடுவா? உன் பெட்டியா?"

முதலாளியிடம் தொட்டியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். "பெரிய லோடு இருக்கு தம்பி, ஏலாது" என்றார்.

கரண்டு போனதும் கம்ப்யூட்டரும் வால்வு மோட்டாரும் பேட்டரியில் கொஞ்சநேரம் ஓடும்; அதற்குள் கம்ப்யூட்டர் தானாக அணையும். அணையும்போது கெர்னலுக்கு, அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலுக்கு, டிஸ்க்கில் தகவலை எழுதிவைக்கும் கவலை மட்டும்தான். வால்வுக்குச் சொல்ல அதில் வழியே இல்லை. நான் ஒரு வழி எழுதினேன்: அணைவதற்கு முன் ஒவ்வொரு டிரைவரையும், அதாவது ஒவ்வொரு கருவியையும் இயக்கும் சிறுநிரலையும், கெர்னல் கூப்பிட்டு, "முடிச்சுக்கோ" என்று சொல்ல வேண்டும்.

தொட்டியில் பச்சைத்தண்ணீரை நிரப்பி மெயினை அணைத்தேன். டிஸ்க் முதலில் எழுத ஆரம்பித்தது. அது முடிவதற்குள் பேட்டரி செத்தது. வால்வு அப்படியே நின்றது. அண்ணனின் கையைப் பார்க்கவே பயந்தேன்.

யார் முந்தி, யார் பிந்தி என்று டிரைவரே சொல்லும்படி மாற்றினேன். வால்வு மூடியது. கரண்டு வந்ததும் கம்ப்யூட்டர் எழுந்து, கேட்காமல் கொள்ளாமல் அதைத் திறந்துவிட்டது! தலையில் அடித்துக்கொண்டேன். மறுபடி உட்கார்ந்தேன். எழும்போது வால்வு மூடியே இருக்கணும். ஆள் பட்டனை அமுக்கினால்தான் திறக்கணும்.

அதைப் போட்ட மறுநாளே, லோடு கொதித்துக்கொண்டிருக்கையில் கரண்டு போனது. அண்ணன் சாக்கை எடுத்தார். அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"விடுலே!"

"பொறுண்ணே, பொறு..."

வால்வு மோட்டார் முனகியது. ஆவி மெல்ல மெலிந்தது. தரையில் தேங்கிய சாயத்தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை நிற்கவில்லை.

"எந்திரிலே, வேட்டியெல்லாம் செவப்பாயிருச்சு" என்றார் அண்ணன்.