எந்திரிங்க

பெங்களூரில் ஒன்பது வருஷம் கோடிங் வேலை பார்த்துவிட்டு சிவகாசிக்குத் திரும்பி வந்தேன். அப்பாவின் பேப்பர் குடோனுக்கு மேல்மாடியில் ஆறு பேரை வைத்து ஒரு கம்பெனி ஆரம்பித்தேன். அச்சகங்களின் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் எங்களுடையது. பெங்களூரில் நான் பட்ட பாடு இங்கே யாரும் படக் கூடாது என்பது என் வைராக்கியம். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும், மதியச் சோற்றை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முதல் இரண்டும் நடந்தன. மூன்றாவதில் மண்ணைக் கவ்வினேன். ஹரிபிரசாத் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, சார் என்று சொல்ல நான் விடவில்லை. பாவம், “இங்கன கொஞ்சம் பாருங்க” என்று காற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தவள் நாகஜோதி. வேலை கேட்டு வந்த அன்றே “அண்ணாச்சி” என்றாள். முப்பத்தாறு வயதில் நான் அண்ணாச்சி ஆனது இப்படித்தான்.

அவளுக்கு ஊர் ஏழாயிரம்பண்ணை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு இரண்டு வருஷம் பட்டாசு ஆலைக்குப் போனவள். அம்மா சண்முகத்தாய் வேலை செய்யும் அதே ஆலை, அதே அறை. பிறகுதான் கல்லூரியில் சேர்ந்து கம்ப்யூட்டர் படித்தாள். நேர்காணலில் நான் பெங்களூர் பாணியில், “அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்கன பார்க்கணும்னு நெனைக்கீக?” என்று கேட்டேன்.

“என்னைய விடுங்க அண்ணாச்சி. எங்கம்மாவ வேன்ல பார்க்கக் கூடாது” என்றாள்.

காலையில் ஊர் ஊராக வந்து பெண்களை ஆலைக்கு ஏற்றிப்போகும் வேனைச் சொன்னாள். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தர லெட்டர் தருவேன் என்றேன். அன்றைக்கே போய் அம்மாவிடம் கறாராகச் சொல்லியிருக்கிறாள், லெட்டர் கைக்கு வந்த மறுநாளிலிருந்து வேன் ஏறக் கூடாது என்று. “லெட்டர் வரட்டும் பார்ப்போம்” என்று சண்முகத்தாய் சொன்னாராம். இருபத்திரண்டு வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறவர் வேறு என்ன சொல்வார்?

ஆறு மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. தீபாவளி சீசன். பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டர்கள் எல்லா அச்சகங்களிலும் குவிந்து கிடந்த நேரம். காலை பதினொன்றரை இருக்கும். நாகஜோதி நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்று, “எல்லாரும் எந்திரிங்க” என்றாள். கத்தவில்லை, சாதாரணக் குரல்தான்.

“என்ன, பஸ்ஸு வந்துருச்சா?” என்றான் விக்னேஷ்குமார். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவன், எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பான்.

“கீபோர்டுல இருந்து கையை எடுத்துட்டு எந்திரிங்க. பாண்டிச்செல்வம் அண்ணாச்சி பிரஸ்ஸோட இந்த வாரத்து ஆர்டர் பூராவும் அழிச்சிட்டேன். சோதனைப் பக்கம்னு நெனச்சு நிஜத்துல கை வச்சிட்டேன்.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். “கண்ணு பொடதியிலயா இருக்கு?” என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன். அதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது.

“அப்புறம் ஏசுங்க அண்ணாச்சி. இப்ப எந்திரிங்க. பன்னெண்டு மணிக்கு மிஷின் காப்பி எடுக்கும். ஆர்டர் இல்லாத வெறும் பக்கம் காப்பியிலயும் ஏறிட்டா ஒண்ணும் மிஞ்சாது.”

நானும் எழுந்தேன். விக்னேஷ்குமார் முகம் வெளிறிப்போயிருந்தது. “அது காப்பி எடுக்காது. மெதுவா ஓடுதுன்னு மூணு வாரத்துக்கு முன்னால நான்தான் நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துட்டேன். இந்த வாரத்து ஆர்டர் காப்பியிலயும் இல்ல” என்றான். அவள் சொல்லியிருக்காவிட்டால் அவனும் சொல்லியிருக்க மாட்டான்.

தப்பை ஒத்துக்கொள்ள மிச்சம் இருந்தது நான். வந்த இரண்டாவது வாரமே அவள் என்னிடம் கேட்டிருந்தாள், சோதனைப் பக்கமும் நிஜப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதே, நிஜத்துக்கு மேலே ஒரு சிவப்புப் பட்டை போட்டால் என்ன என்று. கவனமாக இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அத்தனை ஏச்சுக்கு நடுவிலும் அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. எல்லோர் முன்னாலும் நானே சொன்னேன்.

சிவகாசியில் காகிதத்துக்கா பஞ்சம்? பாண்டிச்செல்வம் அச்சகத்தில் ஆர்டர் சீட்டுகளையெல்லாம் கம்பியில் குத்தி வைத்திருப்பார். ஏழு பேரும் அங்கே போய் நின்றோம். “இதுக்குத்தான் கம்ப்யூட்டரே வேண்டாம்னேன்” என்று திட்டிவிட்டு டீ வாங்கித் தந்தார். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து மறுபடி ஏற்றினோம். நாலரைக்கு வேலை முடிந்தது.

“அதென்ன எந்திரிங்க?” என்று நாகஜோதியைக் கேட்டேன்.

“ஆலையில எங்க ரூமுல நாலு பேருதான் அண்ணாச்சி. யாரு கையில இருந்து எது விழுந்தாலும் எந்திரின்னு சொல்லணும். மத்த மூணு பேரும் எதுக்குன்னு கேக்க மாட்டாக. வெளிய வந்தப்புறம்தான் பேச்சு. யாரு போட்டான்னு ஏசுனா, அடுத்த தடவ எவளும் வாயத் தொறக்க மாட்டா. ஒருக்க அப்படி வெளிய வந்தோம். திரும்பிப் பார்த்தா ரூமு இல்ல.”

தப்பு நடந்தால் யாரையும் குறை சொல்லாமல் பேசுவதற்கென்று பெங்களூரில் தனியாகக் கூட்டமே போடுவார்கள். வெளியே வரும்போது யார் தலை உருளப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

“லெட்டர் நெனப்பு வரலையா உனக்கு?”

“வந்துச்சு. வாயி முந்திக்கிட்டுச்சு.”

பதினோரு நாள் நான் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே சிவப்புப் பட்டையைப் போட்டேன், லெட்டரிலும் கையெழுத்துப் போட்டேன். அவள் இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் வந்ததும், “அம்மா நின்னுட்டாகளா?” என்று கேட்டேன்.

“எங்க நின்னாக? ராத்திரியே லெட்டர வாசிச்சுக் காட்டியாச்சு. சரின்னு தலையாட்டுனாக. காலையில நான் தண்ணி பிடிச்சிட்டு வாரதுக்குள்ள பழக்கத்துல போயி வேன்ல உக்காந்துட்டாக. ஓடிப்போயி படியில நின்னு, எந்திரிம்மான்னேன்.”

“அப்புறம்?”

“பட்டுன்னு எந்திரிச்சு இறங்கிட்டாக. கூடவே அவுக ரூமு ஆளுக மூணு பேரும் இறங்கிட்டாக. எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல.”

விக்னேஷ்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. நாகஜோதி சிரிக்கவில்லை.

“டிரைவர் ஹாரன் அடிச்சாரு. அந்த மூணு பேரும் திரும்ப ஏறிக்கிட்டாக, அண்ணாச்சி. அம்மா மட்டும் ஏறல.”