நடந்துகொண்டே வாங்கிய ஓகே

ஓகே என்ற சொல்லை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியாது. கையில் சிக்கினால் நாலு கேள்வி கேட்பேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்பதை இங்கே தைக்கிறவர்களுக்கும், இங்கே நடப்பதை பையருக்கும் சொல்கிற வேலை. இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை என்றும் சொல்லலாம். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இந்த ஓகேதான். எங்கள் ஜெர்மன்காரர் ஓகே என்று எழுதினால் துணியை வெட்டலாம். ஜப்பானிலிருந்து வருகிற ஓகேவுக்கு, நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன், இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். அதை நம்பி வெட்டினால் தலையில் துண்டுதான். இத்தாலிக்கார அம்மா ஒருவர் ஓகே என்று போட்டுப் பின்னால் மூன்று புள்ளி வைப்பார். நிறம் பிடிக்கவில்லை, வாய் திறந்து சொல்ல மனசில்லை என்று பொருள். அந்த மூன்று புள்ளிக்காக முதலாளியும் புரொடக்‌ஷன் மேனேஜரும் நானும் ஏசி அறையில் உட்கார்ந்து, காபி ஆறி ஆடை படியும்வரை பேசியிருக்கிறோம்.

வெளிநாட்டுக்குப் போவானேன்? உடுமலைப்பேட்டையில் எங்கள் தோப்புக்கு வரும் தேங்காய் வியாபாரி "ஓகேங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தால், விலை கட்டுப்படியாகவில்லை, இனி வரமாட்டார். போனில் அம்மா ஓகே என்றால் சீரியல் ஆரம்பித்துவிட்டது. இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. நமக்குக் காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதனால் புரிந்துகொள்கிறோம்.

ஆனால் எங்கள் கம்பெனிக் கட்டடத்திலேயே படியிறங்கிப் போனால், செக்கிங் மேசையில் நிற்கிற ஒடிசாப் பெண் சொல்லும் ஓகேவுக்கு மட்டும் ஒரே அர்த்தம்தானாம். சம்மதம். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் அப்போது மாசமாக இருந்தாள், தலைப்பிரசவம். தைத்து வந்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குகிற வேலை. நாள் முழுக்க நின்றபடிதான். புருஷன் எங்கள் கம்பெனியிலேயே அயர்ன் போடுகிறான். முதலிபாளையம் பக்கம் லைன் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தார்கள். பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். சொல்லாமல் கிளம்பினால் புருஷன் வேலையும் போய்விடுமே என்ற பயத்தில் முறையாக லீவு கேட்டாள். கேட்டதுதான் தப்பாகப் போயிற்று.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு ஒரு வழக்கம். இந்த ஊரில் பாதிப் பேருக்கு உள்ள வழக்கம்தான். சாயங்கால டீ முடிந்ததும் மேசை மேசையாக நடந்துகொண்டே, "இன்னைக்கு நைட்டு வேலை இருக்குது, ஓகே?" என்று கேட்டுக்கொண்டு போவார். நிற்கமாட்டார். பதிலெல்லாம் அவர் முதுகுக்குத்தான். ஒடிசா, பீகார், வங்காளம், நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள், எல்லார் வாயிலிருந்தும் வருவது அதே ஓகே. இந்தப் பெண்ணுக்கும் அதே கணக்குத்தான். "ஷிப்மென்ட் முடிஞ்சதும் ஊருக்குப் போலாம், ஓகே?" அவள், "ஓகே சார்." திருப்பூரில் ஷிப்மென்ட் முடிந்ததாகச் சரித்திரம் உண்டா? ஒன்று லாரி ஏறினால் அடுத்தது வாசலில் நிற்கும்.

ஒரு நாள் மத்தியானம் சாம்பிள் பீஸ் எடுக்கக் கீழே போனேன். அவள் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கி மினுமினுவென்று இருந்தன.

"என்னம்மா பண்ணுது?" என்றேன்.

"ஓகே அக்கா."

"வலிக்குதா?"

"ஓகே, ஓகே" என்று எழுந்து நிற்கப் பார்த்தாள். ஆபீஸ்காரி வந்துவிட்டாளே என்று பயந்து எழுகிறாள்.

பக்கத்து மேசையில் இன்னொரு ஒடிசாக்காரம்மா. இங்கே வந்து வருஷக்கணக்காகிவிட்டது. எங்களைவிட அழகாக 'ங்க' போடுவாள். அவள்தான் சொன்னாள்: "ஆஸ்பத்திரில டாக்டரம்மா திட்டி உட்டுட்டாங்கக்கா. இந்த வாரம் ரயிலேறுனா ஏறுனதுதான், அப்புறம் ஏறவே கூடாதுன்னுட்டாங்க. அங்க அவங்கம்மா காத்துட்டு இருக்குதுங்க. இங்க பாக்கறதுக்கு ஆருமில்லீங்க."

"சார்கிட்டச் சொல்லலையா?"

"சொல்றதுக்கு அவரு நின்னாத்தானுங்க."

நேரே மேனேஜரிடம் போனேன். பேக்கிங் பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார்.

"ஏனுங்க சார், அந்தப் புள்ளைய ஊருக்கு அனுப்பலீங்களா?"

"நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல அம்மிணி. கேட்டுட்டுத்தான் இருக்கச் சொன்னேன். அவளே ஓகேன்னு சொல்லீட்டா."

"அவளுக்கு வேற என்ன சொல்லத் தெரியுமுங்க?"

"பாஷை தெரியாததுக்கு நான் என்ன பண்றது?"

பாஷை தெரியாதாம். கேழ்வரகில் நெய் வடிகிறதென்றால் கேட்கிறவளுக்கு மதி எங்கே போயிற்று? மூன்று புள்ளிக்கு அர்த்தம் பிரித்துச் சொன்ன அதே மனிதர். பாஷை தெரியாமல் நடந்த தப்பில்லை இது. தெரிந்துகொண்டால் ஒரு ஆள் குறையும், அதனால் தெரிந்துகொள்ளவில்லை. குனியக் குனியக் குட்டிவிட்டு, குனிந்தது அவள்தானே என்கிறார். எனக்குக் குரல் ஏறிவிட்டது. பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் டேப்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"இத்தாலிக்காரம்மா ஓகேன்னா நாம மூணு பேரும் உக்காந்து ரோசனை பண்றமுங்க. இவ வவுத்துல ஒரு உசுரு இருக்குதுங்க சார். ஒருக்கா வந்து நின்னு கேளுங்க. ஓகேவான்னு கேக்க வேண்டாமுங்க. எப்பப் போகோணும்னு கேளுங்க."

"ஷிப்மென்ட் லேட்டானா பையருக்கு நீதான் பதில் சொல்லோணும்."

"சொல்றனுங்க. அதுக்குத்தான எனக்குச் சம்பளம்."

வந்தார். வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார், ஆனால் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "எப்பம்மா ஊருக்குப் போகோணும்?" என்று தமிழிலேயே கேட்டார். ஒடிசாக்காரம்மா அதை ஒடியாவில் திருப்பிச் சொன்னாள். அந்தப் பெண் மேனேஜரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பழக்கத்தில் வாய் ஓ என்று குவிந்துவிட்டது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆஜி" என்றாள்.

இன்றைக்கு. இந்திக்காரப் பிள்ளைகளின் 'ஆஜ்' கேட்டுப் பழகிய எங்களுக்கு இதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மேனேஜர் அயர்ன் மேசையிலிருந்த புருஷனைக் கையசைத்துக் கூப்பிட்டு, "கூட்டிட்டுக் கெளம்பு, போயிட்டு வந்து வேலைல சேந்துக்க" என்றார். அவன் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டியதும் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"டிக்கெட்டு எடுக்கோணும், துணிமணியெல்லாம் எடுத்து வெக்கோணும், இன்னைக்கே எப்படி முடியும்?" என்றேன், அவர்கள் போவதைப் பார்த்தபடி.

ஒடிசாக்காரம்மா, அந்தப் பெண் பார்த்து முடிக்காத பனியன்களைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டாள். "பை கட்டி வெச்சு ரொம்ப நாளாச்சுங்கக்கா. அந்தப் புள்ள தெனமும் காலைல அதைக் கதவுக்கிட்ட எடுத்து வெச்சுட்டுத்தான் வேலைக்கு வருமுங்க. இன்னைக்காச்சும் ஆராவது கேப்பாங்கன்னு."