ஒரு 'த்து'வின் விலை

போன திங்கட்கிழமை காலை ஆறரை மணி. வாசலில் டிப்பர் லாரி ஹாரன் அடிக்கிறது. தறிக்கு நூல் கொண்டுவரும் வண்டி பத்து மணிக்கு முன்னால் வராதே... யாராக இருக்கும்? லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினால், கேட்டை மறைத்து ஒரு குன்று! எம்-சாண்ட்.

பின்னாலேயே என் வீட்டுக்காரி எஸ்தர் வந்து நின்றாள். மணலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நேத்து சர்ச்சுல அத்தனை சத்தமா ஆமென் சொன்னீங்களே... அதுக்கு வந்த லோடுங்களா இது?"

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

பல்லடத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளம் மட்டும்தான். மாடிக்கென்று விட்ட கம்பிகள் எட்டு வருடமாக வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மழை இறங்காமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் காலி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். நம் பக்கத்தில் எந்தத் தெருவில் அண்ணாந்து பார்த்தாலும் இப்படிப் பாட்டில் தொப்பி போட்ட கம்பிகள் தெரியும், இல்லையா? வீட்டுக்கு வீடு ஆசை முளைத்து நிற்கிற மாதிரி!

அந்த ஞாயிறு பாஸ்டர் எடுத்துக்கொண்டது இயேசு சொன்ன கோபுரக் கதை. கோபுரம் கட்ட நினைக்கிறவன், முடிக்கத் தன்னிடம் வசதி இருக்கிறதா என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க மாட்டானா? அஸ்திவாரத்தோடு நின்றுபோனால் பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்களே என்கிறார் ஆண்டவர். நான் பத்தாவது வரை படித்தவன். ஆனாலும் இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா என்ன? முன்வரிசையில் இருந்து ஒரு ஆமென் போட்டேன் – மைக்கே தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கிறேன்... மேஸ்திரி சண்முகம் பைக்கை நிறுத்தினார். கீழ்த்தளம் கட்டியவர் அவர்தான்.

"ஏனுங்ணா, கம்பி துரு ஏறுது பாருங்க. தை மாசம் வந்தா மணலு, சிமென்ட்டு எல்லாம் வெலை கூடிருமுங்க. மேல ரெண்டு ரூம் போட்டுரலாமுங்களா? மணலை எறக்கிரட்டுங்களா?"

நம் ஊரில் யாருக்கும் 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழக்கம் இல்லை. அதற்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம் – 'பாக்கலாமுங்க'. சீட்டில் சேரச் சொன்னால், பாக்கலாமுங்க. பாலிசி எடுக்கச் சொன்னால், பாக்கலாமுங்க. கேட்டவரும் புரிந்துகொண்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மனஸ்தாபமே வராது.

நானும் அதைத்தான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்ததோ...

"பாத்துக்கலாமுங்க!"

முதல் வார்த்தைக்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். இதற்கு, 'நடத்துங்க, காசு எப்படியும் வந்துரும்' என்று அர்த்தம்!

திங்கட்கிழமை மணல் குன்றுக்கு முன்னால் நின்று, நாக்கு தவறிவிட்டது என்று எஸ்தரிடம் சாதித்தேன்.

"நாக்கு என்னங்க பண்ணும்? மனசு போய் மாடியில நின்னுச்சு... நாக்கு அதைச் சொல்லிப்போட்டுது."

உண்மை. எதிர் வீட்டில் போன மாதம் மாடி கட்டிப் பால் காய்ச்சினார்கள். அந்தப் பால்கனியில் நான் நின்று எங்கள் வீட்டைக் குனிந்து பார்த்ததில் இருந்தே எனக்கு நிலைகொள்ளவில்லை.

"முதல்ல உக்காருங்க," என்றாள்.

காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். கையில் இருப்பது மூன்று லட்சத்துச் சொச்சம். அதற்குள்தான் மகள் ஜெனியின் காலேஜ் பீஸும் இருக்கிறது. நர்சிங் மூன்றாம் வருடம். அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். எங்கள் நாலு தறியும் கூலிக்கு ஓடுகிறவை. நூல் வந்தால் ஓடும், வராவிட்டால் சும்மா நிற்கும். மொத்தக் காசையும் போட்டால் மாடிக்குச் சுவர் எழும்பிவிடும். கூரைக்கு?

எஸ்தர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பீஸ் கட்டாட்டி ஜெனி ஊட்டுக்கு வந்துருவாளுங்க. நல்லதுதான்... செவுத்துக்கு தெனம் தண்ணி ஊத்த ஆள் வேணுமில்லீங்க?"

இருவரும் கண்களை மூடி ஜெபித்தோம். இதே ஜெபத்தை முந்தின நாள் கேட்டருகே நின்று செய்ய எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்திருக்கும்...

எட்டு மணிக்கு மேஸ்திரி அளவு டேப்போடு வந்தார். உள்ளதை உள்ளது என்றும் இல்லாததை இல்லை என்றும் பேசச் சொல்லியிருக்கிறாரே ஆண்டவர்! ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக ஒரு மனிதர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"மேஸ்திரி... மாடி வேண்டாமுங்க. அது பொண்ணு படிப்புக் காசு. நேத்து தப்பாச் சொல்லிப்போட்டேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

"அட, இதை நேத்தே சொல்லியிருந்தா முடிஞ்சுதுங்ணா! பாத்துக்கலாம்னு சொன்னவங்க ஊடு மூணு எனக்குப் பாதியில நிக்குதுங்ணா. கூலியும் நிக்குது. அந்த வழியாப் போனா நான் மூஞ்சியத் திருப்பிக்கறேன்... ஊட்டுக்காரரை விட்டுப்போட்டு என்னையப் பாத்தில்லீங்க சிரிக்கறாங்க!"

எத்தனையோ முறை கேட்ட கதை. பாதியில் நின்ற கோபுரத்துக்கு ஒரு கொத்தனார் இருந்திருப்பார், அவருக்கும் கூலி நின்றிருக்கும் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. நாம் கணக்குப் பார்க்காமல் விட்டால், பாவம், பக்கத்தில் நிற்கிறவர் தலையிலும் அல்லவா அது இறங்குகிறது?

மணல் வேறு சைட்டுக்குப் போனது. மேஸ்திரி மாடி ஏறி, கம்பிகளில் துரு ஏறாமல் இருக்கச் சிமென்ட் பால் பூசிவிட்டு இறங்கினார். காசு வாங்கவில்லை.

"அப்ப பொண்ணு படிப்பு முடிஞ்சதும் மாடி போட்டுரலாமுங்களா?"

வாயைத் திறந்தேன். நிலைப்படியில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காந்து கணக்குப் போட்டுட்டு நானே போன் பண்றேனுங்க," என்றேன்.

ஒரு மாதம் காத்திருக்காமல் அன்றைக்கே பீஸைக் கட்டிவிட்டேன். என்னை நம்ப எனக்கே தைரியம் இல்லை!

டிப்பர் வாடகை, மணலைத் திரும்ப அள்ளிப் போட்ட கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய். 'பாக்கலாமுங்க'வின் நடுவில் ஒரே ஒரு 'த்து' நுழைந்ததற்கு... கொஞ்சம் அதிகம்தான்!